இடது பக்கத்துப் பரீட்சை

பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதில் நான் கெட்டிக்காரி. பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததற்கெல்லாம் அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இண்டூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் காலாண்டுத் தேர்வு முடிந்ததும், தேறாத பிள்ளைகளைப் பிரித்து ஒரு பட்டியல் போடுவோம். 'மெல்லக் கற்போர்' என்பது அரசாங்கம் அவர்களுக்கு வைத்த பெயர். அவர்களுக்குக் கணக்கு புரிந்ததா என்று யாரும் எங்களைக் கேட்பதில்லை. முப்பத்தைந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வழி இருக்கிறது. வரைபடம் ஒன்று, வடிவியல் ஒன்று. இரண்டையும் கை பழகும்வரை திரும்பத் திரும்பப் போடவைத்தால் பதினாறு மதிப்பெண் கையில். தொடுகோடு என்றால் என்னவென்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிற பிள்ளை, தொடுகோட்டை அச்சுப் பிசகாமல் வரைந்துவிட்டுப் போகும். என் வகுப்பில் யாரும் ஃபெயில் ஆனதில்லை.

என் கணவருக்கு ஆடி மாதம் பக்கவாதம் வந்தது. அவர் வண்டி ஓட்டுகிறவர். ஊரில் குட்டியானை என்று சொல்வோமே, அந்தச் சின்ன லோடு வண்டி, சொந்த வண்டி. இண்டூர், பாப்பாரப்பட்டி சுற்று வட்டாரத்துத் தக்காளியை ஏற்றி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். அன்று காலை வாசலில் வண்டிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவர், இடது கை கயிற்றைப் பிடிக்காமல் நழுவுவதைப் பார்த்துச் சிரித்தாராம். அப்படியே சரிந்துவிட்டார். தர்மபுரிக்கு நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். மூளையின் வலது பக்கம் அடைப்பு, அதனால் இடது கை காலில் பலம் போயிருக்கிறது என்றார் டாக்டர். பேச்சு போகவில்லை, வாய் கோணவில்லை. இரண்டு மாதத்தில் தானாக எழுந்து நடந்தார். பிஸ்கட் பாக்கெட்டோடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று. நானும் அப்படித்தான் நம்பினேன்.

வீட்டில் சில்லறைச் சில்லறையாகச் சில விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. வலது காலில் செருப்பு, இடது காலில் இல்லாமல் தெருவுக்குப் போய்விடுவார். காபி டம்ளரை இடது பக்கம் வைத்தால், காபியே தரவில்லை என்று சண்டைக்கு வருவார். நோய் வந்த ஆம்பிளைக்கு வீம்பும் கூடவே வருகிறது என்று நான் முணுமுணுத்துக்கொண்டு டம்ளரை நகர்த்தி வைப்பேன். கைக்குப் பயிற்சி கொடுக்க தர்மபுரிக்குக் கூட்டிப்போவதற்காக பஸ் ஸ்டாப்பில் நிற்போம். எதிரே வருகிற பஸ்ஸின் போர்டை அவர்தான் முதலில் படிப்பார்.

"பட்டி பஸ் வருது."

"எந்தப் பட்டிங்க?"

"பட்டின்னுதான் போட்டிருக்கு. கண்ணாடி போடு டீச்சரம்மா."

பஸ்ஸில் பாப்பாரப்பட்டி என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இன்னொரு நாள் நல்லம்பள்ளியை வெறும் பள்ளி என்று படித்தார். எங்கள் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஒரு பட்டியிலோ பள்ளியிலோதான் விழும். அதனால் ஸ்டாப்பில் நின்றவர்கள் அதை நையாண்டி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலையே விடைத்தாள் திருத்துவதாக இருக்கிற நான், வார்த்தையின் முன்பாதி அவருக்கு இல்லாமல் போயிருக்கிறது என்று யோசிக்கவில்லை.

மறுபடி வண்டி எடுக்கலாமா என்று அவர் கேட்டபோது டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. "தெரபிஸ்ட் ஒரு டெஸ்ட் எடுப்பாங்க. அவங்க பாத்துட்டுச் சொல்லட்டும்" என்று ஓர் அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். ஒரு தாளை அவர் முன்னால் வைத்தாள். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள் இறைந்து கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் அடிக்கச் சொன்னாள். அவர் விறுவிறுவென்று அடித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "முடிஞ்சிதுங்க" என்றார். தாளின் வலது பாதியில் ஒரு கோட்டையும் விடவில்லை. இடது பாதியில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அவரிடம் நீளமாக ஒரு கோட்டைக் காட்டி நடுவில் குறி போடச் சொன்னாள். மையப்புள்ளி, என்னுடைய பாடம். அவர் வலது கோடிக்குப் பக்கத்தில் போட்டார். கடிகாரம் வரையச் சொன்னபோது வட்டத்தைச் சரியாகத்தான் வரைந்தார், ஆனால் பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்திலேயே நெருக்கி அடைத்துவிட்டார். கடைசியாக அவள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு எந்தப் பக்கம் விரல் அசைகிறது என்று கேட்டாள். இரண்டும் அசைந்தபோதெல்லாம், "சோத்தாங்கைப் பக்கம்" என்றார். கொஞ்சமும் சந்தேகமில்லாமல் சொன்னார்.

அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு அந்தப் பெண் என்னிடம் பேசினாள்.

"கண்ணுல கோளாறு இல்லைங்க மேடம். கண்ணு பாக்குது, மூளைதான் இடது பக்கத்தை எடுத்துக்க மாட்டேங்குது. அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குங்கறதே அவருக்குத் தோணாது. அதனால எதையாவது விட்டுட்டோம்னும் தோணாது. வண்டி இப்போ வேண்டவே வேண்டாம். சில பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா சரியாகும். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

"அப்ப பாஸ் பண்ணிட்டா ஓட்டலாங்களா?"

"இது பரீட்சை இல்லைங்க மேடம். பாஸ், ஃபெயில்னு எதுவும் இல்ல. அவருக்கு என்ன தெரியுது, என்ன தெரியலைன்னு நாம தெரிஞ்சுக்கறதுக்குத்தான்."

எந்தப் பரீட்சைக்கு முன்னாலும் பிள்ளைகளிடம் நாங்களும் இதையேதான் சொல்வோம். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தத் தாள்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எடுத்துக்கோங்க மேடம், வீட்ல எல்லாருக்கும் காட்டிப் புரிய வைங்க" என்றாள். புரியவைப்பதற்காகத்தான் நானும் எடுத்தேன். அப்போது என் மனதில் வேறு எண்ணம் இருக்கவில்லை, அது சத்தியம்.

வீட்டில் செய்ய அவள் சில பயிற்சிகள் சொல்லியிருந்தாள். இடது பக்கமாக நின்று கூப்பிட வேண்டும், நடக்கும்போது தலையை இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கவைக்க வேண்டும், பொருட்களை அந்தப் பக்கம் வைத்துத் தேடவிட வேண்டும். பத்து நாள் செய்தோம். "என்னா வூட்டுக்குள்ளயே கண்ணாமூச்சி ஆடற?" என்று எரிந்து விழுந்தார். விட்டுவிட்டோம்.

பிறகு அவர் வண்டிக்குள் போய் உட்கார ஆரம்பித்தார். லோடு ஏற்றப் புறப்படுகிற அதே நேரத்துக்குக் குளித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, தார்ப்பாயை விலக்கி, ஸ்டியரிங் முன்னால் உட்காருவார். சாவி என்னிடம் இருந்தது. நான் பள்ளிக்குக் கிளம்புகிறவரை உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் திரும்பி வந்தாலும் சில நாள் அங்கேயே இருப்பார். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதார். "நான் செத்திருந்தா நாலு நாள் அழுதுட்டு உன் வேலைய பாத்திருப்ப. இப்பிடி வச்சுக்கிட்டு என்னா பண்ணப்போற?" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் பள்ளி விட்டு வரும் வழியில், போனில் இருந்த தாள்களைப் பத்துப் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டேன். "என்னங்க டீச்சர், கொஸ்டின் பேப்பர் அவுட்டா?" என்று கடைக்காரர் சிரித்தார். ஆமாம் என்று நானும் சிரித்தேன்.

பரீட்சை நெருங்கிவிட்டால் நான் பாடம் நடத்துவதில்லை. விடையைக் கைக்குப் பழக்குவேன், அவ்வளவுதான். அவருக்கும் அதைத்தான் செய்தேன். இடது கட்டைவிரலைத் தாளின் ஓரத்தில் வைக்க வேண்டும், விரல் தட்டுகிறவரை பேனா நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். எத்தனை கோடு என்று எண்ணி மனப்பாடம் செய்யவைத்தேன். கணக்கு நிறையும்வரை பேனாவை மூடக்கூடாது. கடிகாரத்துக்கு முதலில் பன்னிரண்டு, அப்புறம் ஆறு, அப்புறம் மூன்று, ஒன்பது. ஒன்பதை எங்கே போடுவது என்று அவருக்குப் புரியவே இல்லை. "மூணுக்கு நேர் எதிர்ல, கட்டைவிரல் பக்கமா" என்றேன். போட்டார். அந்தப் பெண் விரல் அசைத்த வரிசையும் எனக்கு நினைவிருந்தது. வலது, இடது, இரண்டும், மறுபடி இடது. அதையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். சாயங்காலம் சாயங்காலம் எங்கள் கூடத்தில் இது நடந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். நான் திட்டினால் பெஞ்சு மேல் ஏறி நிற்கட்டுமா என்று கேட்டார். அந்த ஒரு மாதம் நாங்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தோம்.

கார்த்திகைக் கடைசியில் மறுபடி போனோம். தாளைக் கண்டதும் கட்டைவிரல் தானாக ஓரத்துக்குப் போனது. கோடு எல்லாவற்றையும் அடித்தார். மையத்தில் குறி போட்டார். கடிகாரத்தில் ஒன்பது அதன் இடத்தில் இருந்தது. விரல் வரிசை மாறவில்லை. அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அருமைங்க சார், கொஞ்சம் நிதானமா செய்றீங்க, ஆனா எதையும் விடல" என்று சொன்னவள், என் பக்கம் திரும்பினாள்.

"வீட்ல எப்படி இருக்கார் மேடம்? எதுலயாவது இடிச்சுக்கறாரா? இடது பக்கம் இருக்கறதை விட்டுடறாரா? பேப்பரைவிட நீங்க சொல்றதுதான் எனக்கு முக்கியம்."

பரீட்சையின் கடைசிக் கேள்வி எனக்குத்தான் வந்தது. அதற்கு நான் யாரையும் தயார் செய்திருக்கவில்லை. முந்தின நாள்தான் அவர் இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு, கதவை யாரோ நகர்த்திவிட்டது போல அதைத் திட்டினார். இடது தோளில் வீக்கம் சட்டைக்குள்ளே இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிசல்ட் போர்டின் முன்னால் பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"இல்லைங்க. நல்லா இருக்கார்" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். ஒரு மாதம் தனியாக ஓட்ட வேண்டாம், பக்கத்தில் ஆள் இருக்கட்டும், கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டிப் பார்க்கட்டும் என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாள். அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை. கேட்க வேண்டியவளிடம் கேட்டாள்.

அரையாண்டு விடுமுறை முழுவதும் வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓட்டுகிறவருக்கு வலது பக்கம், எனக்கு இடது பக்கம். "லெஃப்ட்ல சைக்கிள்ங்க." "லெஃப்ட்ல மாடு." "ரைட்ல ஒடிங்க, ஒடிங்க." நான் சொல்லச் சொல்ல அழகாக ஓட்டினார். தொண்டை வறண்டு நான் நிறுத்துகிறபோதெல்லாம் வண்டி இடது ஓரத்துக்கே சாய்ந்தது. ஒரு தடவை புளியமரத்தில் இடது பக்கக் கண்ணாடி பட்டுச் சிதறி என் மடியில் விழுந்தது. "மரத்த யாரு ரோட்டுல வச்சது?" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. வேறு கண்ணாடி மாட்டினோம். போகப் போகப் பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பிள்ளைகள் பாஸ் ஆனபின் கணக்கை என்ன செய்தார்கள் என்று நான் என்றைக்காவது போய்ப் பார்த்திருக்கிறேனா?

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தது. அவர் சாவியைக் கேட்டார். கொடுத்தேன்.

தை மாதம் எங்கள் பக்கத்து ரோடுகள்தான் களம். பிடுங்கிய கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டியெல்லாம் மிதித்து மணியைப் பிரித்துக் கொடுக்கும். குப்பையை ஒதுக்கிவிட்டு மணியை ஓரமாகக் கூட்டி, அங்கேயே உட்கார்ந்து முறத்தில் புடைப்பார்கள். வண்டிக்காரர்கள் கொஞ்சம் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள், உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். எல்லா வருடமும் அப்படித்தான்.

எங்கள் நிலத்துக்குப் பக்கத்துக் கொல்லைக்காரப் பெண்மணி அன்று தன் கொள்ளோடு ரோட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். காலை பத்து மணி வெயில். நேர் ரோடு. வண்டி வேகமாகக்கூட வரவில்லையாம். நேராக வந்து அவர் கால்மேல் ஏறியது. நான் அப்போது வகுப்பில், இரு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்மணி உயிர் பிழைத்தார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"ரோடு காலியா இருந்துச்சு" என்று என் கணவர் சொன்னார். போலீஸிடம் சொன்னார், ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னார், இன்றைக்கும் சொல்கிறார். "அக்கா அங்க இல்லவே இல்ல. எங்கிருந்தோ திடீர்னு வந்துச்சு." அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ரோடு காலியாகத்தான் இருந்தது. பக்கவாதம் வந்தவராயிற்றே, பார்வை எப்படி என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். மருத்துவமனைத் தாளைக் காட்டினோம். எல்லாம் சரி என்று அதில் எழுதியிருந்தது. அதன் பிறகு பேச்சு முழுவதும் திரும்பிவிட்டது. ரோடு என்ன உட்காருகிற இடமா, வண்டி வருவது தெரியவில்லையா, எழுந்து ஒதுங்கியிருக்க வேண்டாமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கால் போனவரைத்தான் கேட்டார்கள். என் கணவருக்கு ஆறுதல் சொன்னார்கள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்தப் பெண்மணி வீடு திரும்பிய பிறகும் இரண்டு வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேலை என்று சொல்லிக்கொண்டேன். போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மீதிக் காலை நீட்டி வைத்திருந்தார். மூடியிருக்கவில்லை. கட்டுப் பிரித்திருந்தது. "பாரு டீச்சரு, இப்பிடி ஆயிடுச்சு" என்று, கைக்காயத்தைக் காட்டுகிற மாதிரி காட்டினார். எனக்குக் காபி போட மருமகளைக் கூப்பிட்டார். அவள் கொல்லைக்குப் போயிருந்தாள். அதற்காக என்னிடம் வருத்தப்பட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "எம்மேலயும் தப்புதான். ஆனா டீச்சரு, தம்பி தூரத்துல வரப்பவே நான் பாத்தன். அதோட மூஞ்சி நேரா எம்பக்கம்தான் இருந்துச்சு. தம்பிதான வருது, பாத்துட்டுது, ஒதுங்கிப் போயிரும்னு எந்திரிக்காம இருந்துட்டன். வேற வண்டியா இருந்தா எந்திரிச்சிருப்பன்."

அவர் என் பக்கம் இன்னும் சாய்ந்துகொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறன். தம்பிக்கு எம்மேல என்னா கோவம்? நானும் ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு யோசன பண்ணிப் பாத்துட்டன். அன்னிக்கி ஒருநா தண்ணி பாயறதுக்கு உங்களுக்கு நான் வாய்க்கால்ல வழி உடல. அதுவா? அத மனசுல வச்சிருந்துச்சா? உன்கிட்ட சொல்லியிருக்குமே. கேட்டுச் சொல்லு. நான் மன்னிப்புக் கேட்டுக்கறன்."

இரண்டு மாதமாக அவர் தன் தப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்டிய காலோடு படுத்துக்கொண்டு, வருடம் வருடமாகப் பின்னால் போய்த் தேடியிருக்கிறார். இவருக்காவது சொல்லாமல் எழுந்து போனால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"கோவம் ஒண்ணும் இல்லைங்க. அவருக்கு இடது பக்கம் இருக்கறது எதுவும் தெரியாதுங்க. பக்கவாதம் வந்ததுல இருந்து அப்படித்தான். உங்களை அவர் பாக்கவே இல்ல."

"ஆஸ்பத்திரில எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்கன்னு சொன்னாங்களே?"

"அந்த டெஸ்டை அவருக்கு நான்தான் வீட்டுல சொல்லிக்கொடுத்து எழுத வச்சேன். வீட்டுல எப்படி இருக்காருன்னு என்னைக் கேட்டாங்க. நல்லா இருக்காருன்னு பொய் சொன்னேன்."

அவர் என்னையே பார்த்தார். வெளியே யாரோ கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப தம்பி என்னப் பாக்கல."

"பாக்கலைங்க."

"உனக்குத் தெரியும்."

"தெரியுங்க."

"தெரிஞ்சுதான் சாவியக் குடுத்த."

தலையாட்டினேன். அவர் கத்துவார், வாயில் வந்தபடி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் அதுவரை என் முன்னால் திறந்து நீட்டி வைத்திருந்த காலைப் புடவைத் தலைப்பால் இழுத்து மூடிக்கொண்டார்.

"நீ போ டீச்சரு" என்றார்.